எந்தத் தந்திக்கு எவ்வளவு நீளம்?

திருவிடைமருதூர் என்றதும் சங்கீதக்காரர்கள் ஒருவரை நினைப்பார்கள்: கோட்டுவாத்தியம் சகாராம ராவ். பெரும்பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் குருமார்களில் ஒருவர். கோட்டுவாத்தியம் வீணை மாதிரியே இருக்கும். வீணையில் 24 மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் குறுக்குக் கம்பிகள், உண்டு. கோட்டுவாத்தியத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வழவழப்பான கட்டை ஒன்றைத் தந்தியின் மேல் நகர்த்தியே வாசிப்பார்கள். கட்டை நிற்கும் இடத்திலிருந்து, தந்தியைத் தாங்கும் குதிரை வரை உள்ள தந்திதான் அதிரும். அந்த நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறும்.

தந்தியின் சுருதி நீளம், இறுக்கம், கனம் மூன்றையும் பொறுத்தது. இதை வைத்து ஒரு புதிரைப் பார்ப்போமா, பிள்ளைகளே?

ஆறு தந்திக் கிதாரில் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். எட்டுத் தந்தி எலெக்ட்ரிக் கிதாரில் எட்டாவது தந்தி 46 முறைதான் அதிர வேண்டும். பழைய தந்தியையே தளர்த்தலாமே? கணக்குப் போட்டால், இறுக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது! தந்தி தொளதொளத்து மெட்டில் அடிக்கும். சரி, தடிமனைக் கூட்டலாமா? ரொம்பத் தடித்தால் தந்தி வளைய மறுக்கும், நாதம் மங்கும்.

மிச்சம் இருப்பது நீளம். ஆனால் எல்லாத் தந்தியையும் நீட்டினால் மெல்லிய தந்தியை மிகவும் முறுக்கிக் கட்ட நேரும், அறுந்தே போகலாம். அதனால் மெல்லியதற்கு 25.5 அங்குலம், தடித்ததற்கு 28 அங்குலம் என்று தனித்தனி நீளம் வைக்கிறார்கள். அப்போது மெட்டுகள் கைவிசிறியின் மடிப்புகள்போல் சாய்ந்து விரியும். அமெரிக்கக் கைவினைஞர் ரால்ஃப் நோவாக் 1989-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆர்ஃபரியன் என்ற வாத்தியத்திலேயே சாய்ந்த மெட்டுகள் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எலெக்ட்ரிக் கிதாரில் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கித்தான் ஒலிபெருக்கியில் கேட்கிறோம்.

என்னை வியக்க வைப்பது மெட்டு வைக்கும் வேலைதான். ஒவ்வொரு மெட்டும் மிச்ச நீளத்தில் ஏறத்தாழ 18-இல் ஒரு பங்கைக் குறைக்கும். ஆகவே முதல் மெட்டு மெல்லிய தந்தியில் 1.43 அங்குலத்தில் விழும், தடித்ததில் 1.57 அங்குலத்தில் விழும். இரண்டு புள்ளிகளையும் கோட்டால் சேர்த்து மரத்தை அறுக்கிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கு மேளம் கட்டுகிறவரோ, அதாவது மெட்டு வைப்பவரோ, காதால் கேட்டுக் கேட்டு மெழுகில் மெட்டுகளைப் பதிக்கிறார். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். கிதாரில் ரம்பம் இறங்கிய பிறகு மெட்டை நகர்த்த வழியில்லை. கணக்கு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.