கண்ணைக் காக்கும் மூன்று சோதனைகள்

அறுந்த பாவிழையைக் கண்டு பிணைக்கும் நெசவாளருக்கும், இலையடியில் பூச்சியைத் தேடும் விவசாயிக்கும் கண்ணே முதற் கருவியாகும். நீரிழிவு நோயோ அக்கண்ணை வலியின்றிக் கெடுக்க வல்லது. பார்வை மங்கிய பின்னரே மருத்துவரை நாடுவோர் காலந்தாழ்ந்தவராகின்றனர்.

விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள இரத்த நாளங்கள் மிக நுண்ணியவை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நெடுநாள் மிகுந்திருப்பின் இரண்டும் ஒருங்கே பழுதுறக்கூடும். அப்போது ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியும். கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதங்கள் விழித்திரையில் கசிந்து மஞ்சள் நிறப் படிவுகளாகத் தங்கும். ஆகவே, ஓரிடத்தில் கசிவு கண்டால் மற்றதையும் சோதித்தல் முறையாகும்.

இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பெனோஃபைப்ரேட் மருந்தை 9,795 நீரிழிவு நோயாளரிடையே ஆராய்ந்தனர். கண்ணுக்கு லேசர் சிகிச்சை தேவைப்பட்டோர் நூற்றுக்கு 4.9 பேரிலிருந்து 3.4 ஆகக் குறைந்தனர் என 2007-இல் அறிவிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் நடந்த ஆய்வும் 2024-இல் இம்மருந்தின் பயனை உறுதி செய்தது. எனினும், சிறுநீரகம் நலிந்தோருக்கு இது ஏற்றதன்று. மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது.

நீரிழிவுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை விழித்திரைச் சோதனை, சிறுநீரில் ஆல்புமின் சோதனை, இரத்தத்தில் கிரியேட்டினின், கொழுப்புச் சோதனை ஆகிய மூன்றையும் செய்துகொள்வாராக. பார்வை தெளிவாக இருக்கையில் செய்வதே பயன் தரும்.