கிழவனாகி வந்த மாவீரன்!

துப்பாக்கியால் சுட்டாலும் சாகமாட்டான். பட்ட காயம் கண் எதிரிலேயே ஆறிவிடும். கோபம் வந்தால் விரல்முட்டுகளின் நடுவில் இருந்து உலோக நகங்கள் சீறிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட வீரன் கிழவனானால் என்ன ஆவான்?

2017-ம் ஆண்டு வெளிவந்த "லோகன்" என்ற ஆங்கிலப்படம் அதைத்தான் காட்டியது.

17 ஆண்டு வேடம்

"வுல்வரின்" என்னும் இந்த வீரன், 1974-ம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றியவன். 2000-ம் ஆண்டில் "எக்ஸ்-மென்" படத்தின் மூலம் திரைக்கு வந்தான்.

முதலில் அந்த வேடத்துக்கு ஒப்பந்தமானவர், டக்ரே ஸ்காட் என்ற நடிகர். வேறு படப்பிடிப்பில் இருந்து அவரால் வர முடியவில்லை. வாய்ப்பு, ஆஸ்திரேலியா நாட்டின் சிட்னியில் பிறந்த ஹியூ ஜாக்மேனுக்குப் போயிற்று. அப்போது அவருக்கு வயது 31. "லோகன்" வந்தபோது 48.

கார் டிரைவர்

கதை 2029-ம் ஆண்டில் நடக்கிறது. மெக்சிகோ எல்லை ஓரத்தில் லோகன் வாடகைக்குக் கார் ஓட்டுகிறான். தாடி நரைத்துவிட்டது. எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். எலும்பில் பதித்த உலோகமே விஷமாகி உடலை அரிக்கிறது. காயம் ஆறுவதில்லை. கார் சக்கரத்தைத் திருட வந்தவர்களிடம் உதைபடுகிறான். ஒரு நகம் பாதியில் நின்றுவிடுகிறது!

யாருக்காக உழைக்கிறான்? முன்பு தன்னை ஆளாக்கிய பேராசிரியர் சேவியருக்காக. உலகத்தையே மனத்தால் ஆட்டிவைத்த அந்த மேதைக்கு இப்போது மூளையில் நோய். வலிப்பு வந்தால் சுற்றி இருப்பவர் உயிருக்கே ஆபத்து. அதனால் ஊருக்கு வெளியே, கவிழ்ந்து கிடக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் அவரை ஒளித்து வைத்திருக்கிறான். கார் ஓட்டிய காசில் மருந்து வாங்குகிறான். மாத்திரை கொடுக்கிறான். ஏச்சு வாங்குகிறான். குழந்தையைப் போலத் தூக்கிப் படுக்க வைக்கிறான். பேராசிரியராக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட் மனதை உருக்கிவிட்டார்.

ஊரில் இருக்கும் தகப்பனாருக்கு மருந்துச் செலவு அனுப்புகிறவர்கள், அந்தக் காட்சிகளைச் சும்மா பார்த்துவிட்டு வர முடியாது.

இரட்டை வேடம்

சோதனைச்சாலையில் லோகனின் உயிரணுவில் இருந்து உருவாக்கப்பட்ட சிறுமி லாரா. அவளைப் பிடிக்க ஒரு கூட்டம் துரத்துகிறது. அந்தக் கூட்டத்தின் கையாள் யார் தெரியுமா? லோகனைப் போலவே தயாரித்த இளைஞன்! அதுவும் ஜாக்மேனே. கிழவன் தன் இளமையோடு தானே மோதுகிறான். இளமையின் பலத்துக்கு முன் அவனால் நிற்க முடியவில்லை.

தன்னை முடித்துக்கொள்ள லோகன் ஒரு துப்பாக்கிக் குண்டை வைத்திருந்தான். கடைசியில் அதே குண்டால் லாரா அந்த முரடனைச் சுட்டு வீழ்த்துகிறாள். சாகும் நேரத்தில் லோகனை "அப்பா" என்று அழைக்கிறாள்.

ஆஸ்கார் பட்டியல்

டைரக்டர் ஜேம்ஸ் மேன்கோல்டு. ரத்தமும் கொலையும் அதிகம். இந்தியாவில் "ஏ" சர்டிபிகேட் கிடைத்தது. குழந்தைகளுக்கு ஆகாத படம்.

தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கார் போட்டிப் பட்டியலில் "லோகன்" இடம்பெற்றது. அதிசய வீரன் படம் ஒன்றுக்கு அந்தப் பிரிவில் இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. பரிசு மட்டும் கிடைக்கவில்லை.

2024-ம் ஆண்டு "டெட்பூல் அண்டு வுல்வரின்" படத்தில், 55 வயதில் ஜாக்மேன் மீண்டும் நகங்களை மாட்டினார். ஆனால் அது வேறு உலகத்து வுல்வரின் என்று கதை சொல்லிவிட்டது. "லோகன்" படத்தில் செத்தவன் செத்தவன்தான்.

எத்தனையோ படங்களில் அவன் எதிரிகளைக் குத்திச் சாய்த்தான். நெஞ்சில் நிற்பது, நடக்க முடியாத முதியவரை இரு கையாலும் தூக்கிய காட்சிதான். வீரம் என்பது அதுவும்தான்!