தலையில் கரண்ட் வைத்த குழந்தையா? ஃபைலைத் தொலைச்சுடாதீங்க!

"அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு... இனிமே பயமில்லே!"

கேன்சரிலிருந்து மீண்ட குழந்தையின் அப்பா, அம்மா நிம்மதியாகச் சொல்லும் வார்த்தை இது. பெரும்பாலும் உண்மையும்கூட. அதற்குப் பிறகு பழைய நோய் திரும்பி வரும் ஆபத்து நன்றாகவே குறைந்துவிடுகிறது. ஆனால், சின்ன வயதில் தலைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. அது அஞ்சு வருஷக் கணக்கு இல்லை, ஆயுள் கணக்கு!

நம் பக்கம் இந்தச் சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். மின்சார ஷாக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சக்தி வாய்ந்த எக்ஸ்ரே அல்லது காமா கதிர்களைக் குறி பார்த்துச் செலுத்தி, புற்றுநோய் செல்களை அழிப்பதுதான் கதிர்வீச்சு.

காப்பாற்றியதும் அதுதான்!

இதைப் படித்துவிட்டு, "அய்யோ, தெரியாமப் பண்ணிட்டோமே" என்று பெற்றோர் நொந்துகொள்ளக் கூடாது. ஒரு காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைப்பதே அபூர்வம். மருந்து போக முடியாத மூளைப் பக்கம் நோய் ஒளிந்துகொண்டு, மறுபடி கிளம்பும். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாக்டர் டொனால்ட் பிங்கெல் குழுவினர் 1960களில் மருந்துகளோடு தலைக்குக் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்போதுதான் பாதிக் குழந்தைகளையாவது காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையே பிறந்தது.

நம் நாட்டில் 1984 வாக்கில் 'எம்.சி.பி. 841' என்ற சிகிச்சை முறை வந்தது. மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் ஆகிய மூன்றும் இதைப் பின்பற்றின. இதிலும் தலைக்குக் கதிர்வீச்சு உண்டு. அன்று பிழைத்த குழந்தைகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. திருநாவலூரிலோ, உளுந்தூர்பேட்டையிலோ, கல்வராயன் மலையிலோ, அப்படி ஒருவர் பிள்ளை குட்டிகளோடு நன்றாகவே வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இன்னொரு கட்டி?

கரும்புக் காட்டில் களைக்கொல்லி அடிக்கிறோம். களை சாகிறது. ஆனால், கொஞ்சம் மருந்து பக்கத்துப் பயிர் மேலும் படத்தானே செய்யும்? கதிர்வீச்சும் அப்படித்தான். சுற்றியுள்ள நல்ல செல்களின் மரபணுவிலும் காயம் விழுகிறது. பெரும்பாலான செல்கள் அதைச் சரி செய்துகொள்ளும். எங்கோ ஒன்றிரண்டு தப்பும் தவறுமாக ஒட்டுப் போட்டுக்கொள்ளும். அந்தத் தப்பு பல வருஷம் தூங்கிக் கிடந்து, பிறகு கட்டியாகலாம். வளரும் மூளை என்பதாலும், முன்னால் நீண்ட ஆயுள் கிடக்கிறது என்பதாலும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து பெரியவர்களைவிட அதிகம்.

இதை உலகத்துக்குப் புரியவைத்தது ஒரு வேடிக்கையான விஷயம்... தலையில் வரும் படை! இஸ்ரேலில் 1940களின் கடைசியிலிருந்து 1960 வரை, படை வந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு முடி உதிர்வதற்காகத் தலையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அன்று அது சாதாரண வைத்தியம். பிறகு அவர்களில் 10,834 பேரை ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 1988-ல் வந்த அறிக்கை, மூளை உறையில் வரும் 'மெனிஞ்சியோமா' கட்டி மற்றவர்களைவிட இவர்களுக்குச் சுமார் ஒன்பதரை மடங்கு அதிகம் என்றது. இத்தனைக்கும் இவர்கள் மூளையில் பட்டது சராசரியாக ஒன்றரை 'கிரே' அளவுதான். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தது 18 முதல் 24 கிரே!

பயப்பட வேண்டிய அளவு எவ்வளவு?

மடங்குக் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். எண்ணிக்கையைப் பாருங்கள். சின்ன வயதில் தலைக்குக் கதிர்வீச்சு பெற்ற 4,221 பேரைப் பற்றிய ஆய்வு 2017-ல் வெளியானது. நாற்பது வயதுக்குள் மெனிஞ்சியோமா வந்தது நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு. மீதி தொண்ணூற்று நாலு பேருக்கு வரவில்லை!

மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாக வளரும் சாதுவான கட்டி. சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் ஆபரேஷனில் எடுத்துவிட வாய்ப்பு அதிகம். 'க்ளையோமா' என்பது மூளைக்குள்ளேயே வருவது, கொஞ்சம் முரடானது. முதல் நோய் கண்டுபிடித்து ஒன்பது வருஷ வாக்கில் க்ளையோமாவும், பதினேழு வருஷ வாக்கில் மெனிஞ்சியோமாவும் தலைகாட்டியதாக 2006-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு சொன்னது. சிலருக்கு இன்னும் தாமதமாகவும் வரும்.

ஆக, என்ன செய்யணும்?

* ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். என்ன நோய், எந்த வயதில், எந்த ஆஸ்பத்திரியில், தலைக்கு எத்தனை கிரே, என்னென்ன மருந்து... இவை அடங்கிய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கரையான் அரிக்க விடாதீர்கள். செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். தொலைந்துவிட்டதா? சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியில் கேஸ் நம்பர், பெயர், வருஷம் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

* பிள்ளையிடம் சொல்லுங்கள். மூன்று வயதில் நடந்தது அந்தக் குழந்தைக்கு ஞாபகமே இருக்காது. பெண் பிள்ளை என்றால், 'நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே' என்று மூச்சு விடாமல் மறைக்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால், அவளுக்கே தெரியவில்லை என்றால், நாளை தலைவலி என்று டாக்டரிடம் போகும்போது எப்படிச் சொல்வாள்?

* வருஷம் ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள். உடம்பு நன்றாக இருந்தாலும்தான். எம்.ஆர்.ஐ. தேவையா, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்பதை அவர் முடிவு செய்யட்டும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது.

* இவை வந்தால் தள்ளிப் போடாதீர்கள்: காலையில் எழுந்ததும் வாந்தியோடு தலைவலி, முதல் தடவையாக வரும் வலிப்பு, பார்வை மங்கல், காது கேட்பதில் மாற்றம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல், குணத்தில் திடீர் மாற்றம். எல்லாத் தலைவலியும் கட்டி இல்லை. ஆனால், "பித்தம்தான்" என்று நீங்களாகத் தைலம் தடவிக்கொண்டு மாசக்கணக்கில் உட்காரக் கூடாது. போனதும் முதல் வார்த்தையாக, "சின்ன வயசுல தலைக்குக் கரண்ட் வெச்சிருக்கு டாக்டர்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி அவர் யோசிக்கும் திசையையே மாற்றிவிடும்.

இன்று கதிர்வீச்சு வேண்டும் என்றால்?

வேண்டாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடாதீர்கள்! எங்கோ பல வருஷம் கழித்து வரலாம் என்பதற்காக, இன்று உயிரைக் குடிக்கும் நோயை விட்டுவைப்பது புத்திசாலித்தனம் அல்ல. டாக்டர்களும் மாறியிருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்குத் தலைக் கதிர்வீச்சு இல்லாமலே மருந்தால் சமாளிக்கலாம் என்று 2009-ல் அதே செயின்ட் ஜூட் மருத்துவமனை காட்டியது. மூளைக் கட்டி வந்த மிகச் சிறு குழந்தைகளுக்கு, முடிந்தவரை கதிர்வீச்சைத் தள்ளிப் போடுகிறார்கள். பக்கத்துத் திசுக்களில் குறைவாகப் படும் புரோட்டான் சிகிச்சை 2019-ல் சென்னைக்கும் வந்துவிட்டது. "இது இல்லாமல் முடியுமா? எவ்வளவு கிரே? பின்னால் எதைக் கவனிக்கணும்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்றைக்கே பரணில் ஏறி, அந்தப் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். இரண்டும் பிள்ளையின் சொத்துதானே!