களிமண் சூடு தாங்குமா?

பெல்ஜியத்தின் மோல் நகரருகே, தரைக்கு 225 மீட்டர் கீழே ஓர் ஆய்வுக்கூடம். பெயர் ஹேடிஸ், கிரேக்கப் புராணத்தின் பாதாள அதிபதி. 1980இல் தோண்டத் தொடங்கினார்கள். கேள்வி: அணுக்கழிவின் சூட்டைக் களிமண் தாங்குமா?

களிமண் தண்ணீரை எளிதில் கசியவிடாது. விரிசலையும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் சூடேறினால் அந்தப் பலமே பகையாகிறது. நுண்துளைகளில் உள்ள நீர் மண்ணைவிட அதிகம் விரிகிறது. சட்டென்று வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறுகிறது, அளவு மீறினால் விரிசல்தான்.

இதைச் சோதிக்க 2014 நவம்பரில் ஒரு சுரங்கத்தில் ஹீட்டர்களை இயக்கினார்கள். 80 டிகிரி செல்சியஸ், 10 ஆண்டுகள் என்பது திட்டம். அழுத்தம் எதிர்பார்த்தபடியே ஏறியது. கழிவைப் பல பத்தாண்டுகள் தரைக்கு மேலே ஆறவைத்த பிறகே புதைப்பது என்ற யோசனைக்குக் காரணம் இந்தச் சூடுதான். சோதனை 10 ஆண்டுகள். களிமண் காவல் காக்க வேண்டியதோ லட்சக்கணக்கான ஆண்டுகள்.