பாலில் கலப்படம்: கைப்பேசி எதைக் கண்டுபிடிக்கும், எதைத் தவறவிடும்?

நம் வீட்டுக் குழந்தைகள் தினமும் குடிக்கும் பாலில் யூரியாவோ சோப்புத்தூளோ கலந்திருந்தால் கண்ணுக்கும் நாக்குக்கும் எளிதில் தெரியாது. இதை நொடிகளில் கண்டறிய நம் நாட்டுப் பேராசிரியர்கள் வழி கண்டிருக்கிறார்கள்.

அடையாறை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பல்லப் சின்ஹா மகாபாத்ராவின் குழு காகிதத்தாலான சிறு கருவி ஒன்றை உருவாக்கி, 2023இல் அறிவித்தது. வேதிப்பொருளில் நனைத்து உலர்த்திய தாளில் சிறிது பாலை விட்டால் நிறம் மாறும். யூரியா, ஸ்டார்ச், ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளிட்ட பல கலப்படங்களை 30 விநாடிகளில் காட்டிவிடும்.

ஆனால் மெல்லிய நிற வேறுபாட்டை எல்லோர் கண்ணும் ஒன்றுபோல் அறிவதில்லை. இங்குதான் 'மெஷின் லேர்னிங்' எனப்படும் இயந்திரக் கற்றல் உதவுகிறது. ஹைதராபாத் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சிவ் கோவிந்த் சிங்கின் குழு, பாலின் அமில, காரத் தன்மைக்கேற்ப நிறம் மாறும் நானோ இழைத் தாளை உருவாக்கியது. பாலில் நனைத்த தாளைக் கைப்பேசியில் படமெடுத்தால், கணினி நிரல் அதைத் தரம் பிரிக்கும். 2018இல் வெளியான முடிவின்படி, ஆய்வுக்கூடச் சோதனையில் அதன் துல்லியம் 99.71 சதவீதம்.

இயந்திரம் எப்படிக் கற்கிறது?

'இது நல்ல பால், இது கெட்ட பால்' என்று பெயரிட்ட ஏராளமான படங்களை நிரலுக்குக் காட்டுகிறார்கள். வேறுபாட்டை அதுவே கணக்கிட்டுப் பழகுகிறது. பிறகு புதிய படத்தைப் பார்த்து முடிவு சொல்கிறது. ஆனால், பழக்காத ஒன்றை அது அறியாது.

தமிழகத்துக்கு இது முக்கியம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில், உடல்நலத்துக்கு ஆபத்தான கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. 'அஃப்லடாக்சின் எம்1' என்ற நச்சோ 368 மாதிரிகளில் வரம்பை மீறியிருந்தது. தமிழகத்தின் 551 மாதிரிகளில் 88 அத்தகையவை. மாட்டுத் தீவனம் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் உருவாகும் நச்சு, மாட்டின் வழியே பாலுக்கு வருகிறது. காய்ச்சினாலும் போகாது. பாலின் அமிலத் தன்மையையும் மாற்றாது. அமிலத் தன்மையை மட்டும் பார்க்கும் கருவி அந்தப் பாலை 'நல்லது' என்றே சொல்லும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் வெளிப்படுத்திய நிகழ்வை நாம் அறிவோம். மேலே தெரிவதோடு சோதனை முடிந்துவிடுவதில்லை.

எனவே இத்தகைய கருவிகள் விற்பனைக்கு வரும்போது, 'எந்தெந்தப் பொருள்களைக் கண்டறியும்?' என்று முதலில் கேளுங்கள். அஃப்லடாக்சினுக்கு அதற்கென்றே உள்ள சோதனை தேவை. மாட்டுத் தீவனத்தை உலர்வாகச் சேமிப்பதே அடிப்படைத் தீர்வு. பாலில் சந்தேகம் இருந்தால் மாதிரியை எடுத்துவைத்து, உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்யுங்கள்.