பம்பரப் போரில் விலக்கத்தகும் உறுப்புக்கள்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வளவுகளிலே சிறுவர் ஆடும் மரப்பம்பரப் போருக்கு வேண்டுவன மூன்றே: கட்டை, ஆணி, கயிறு. வட்டத்துள் வைத்த பம்பரத்தை ஆணி பிளப்பினும் அதனைக் குற்றமென்பார் இலர். குறி தவறியவன் பம்பரமும் அவ்வட்டத்துள்ளேயே கிடத்தல் வேண்டும். இடர் யாவர்க்கும் ஒத்ததாதலின் ஆணியை விலக்கும் எண்ணம் எழுவதில்லை.

பழைய பேகோமாப் பம்பரத்தின் வழியில் யப்பானியத் தக்காரா நிறுவனம் 1999இல் வெளியிட்ட பேபிளேட்டின் நிலை வேறு. அதன் உறுப்புக்கள் கழற்றி மாற்றத்தக்கன. ஆகவே, எதனை விலக்குவது எனும் வினா போட்டி நடத்துவோர் முன் நிற்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவாம். ஒரே திசையிற் சுழலும் இரு பம்பரங்கள் தொடுமிடத்து விளிம்புகள் எதிரெதிராக ஓடுதலின் மோதல் கடிது. எதிர்த்திசையிற் சுழல்வனவற்றின் விளிம்புகளோ அவ்விடத்து ஒருபுறமாகவே ஓடுவன. அவற்றுள் ஒன்றன் விளிம்பு இறப்பராயின், விரைந்து சுழல்வதன் சுழற்சி உராய்வினால் மெலிந்ததற்குச் செல்லும். வலிய கையினன் தன் வலிமையாலேயே எதிரியை வாழ்விக்கின்றான்! இதனைக் களவென வெறுப்பாரும் உளர். எமக்கோ இயற்கை விதியின் அழகிய பயனாகவே தோன்றுகின்றது.

வலிது என்பதொன்றே விலக்குதற்குக் காரணமாகாது. எடையாலோ, முனையாலோ, சுழற்றிவிடும் கோணத்தாலோ அதனை எதிர்க்க இயலுமாயின் இருக்க விடலாம். அதனை வெல்ல அதனையே விலைகொடுத்து வாங்கல் வேண்டுமென்றால் விலக்குதலே முறை. அன்றேல், ஒற்றைப் பம்பரத்தோடு வரும் சிறுவன் களத்தை அணுகுமுன்னரே தோற்றவனாவான்.