புகைப்படம் கணக்காகும் விதம்

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் எமது வட்டாரத்து ஊராட்சியொன்றில் வரத்துக் கால்வாய் தூர் வாரும் பணி நடைபெற்று வந்தது. ஒரு நாள் மஸ்டர் ரோலில் 20 பெயர்களுக்கு வருகை குறிக்கப்பட்டிருந்தது. அன்று பணித்தளத்திலிருந்து கைப்பேசி வாயிலாகப் பதிவேற்றப்பட்ட புகைப்படத்திலோ 17 முகங்களே எண்ணக் கிடைத்தன. ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளில், தனிநபர் பயன்பெறும் பணிகள் நீங்கலாக, இருவேளைப் புகைப்படத்துடன் கூடிய கைப்பேசி வருகைப் பதிவு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டிருந்தமையால், எஞ்சிய மூவரின் அன்றைய கூலி நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்வாண்டு தமிழ்நாட்டிற்கென நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்கூலி 319 ரூபாய். மூவரும் பெண்கள். தாங்கள் அன்று மண் சுமந்ததாக அவர்கள் உறுதியாகக் கூறினர். பணித்தளப் பொறுப்பாளரும் அவ்வாறே கூறினார். "படம் பொய் சொல்லுமா?" என்று அலுவலகத்தில் கேட்டவர்களும் உண்டு.

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், கைப்பேசியினுள் ஒரு படம் எவ்வாறு உருவாகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். வீடு கட்டுவோருக்குரிய தவணைகளும், குட்டை வெட்டிய கணக்குகளும் படங்களைக் கொண்டே சரிபார்க்கப்படும் இக்காலத்தில், ஊராட்சிப் பணியாளர் யாவருக்கும் இவ்வறிவு பயன்படும்.

சூரிய ஒளி ஒரு பொருளின் மீது பட்டுத் திரும்புகிறது. அவ்வாறு திரும்பும் ஒளியைக் கைப்பேசியின் வில்லை ஒன்றுசேர்த்து, உள்ளே விரல் நகத்தினும் சிறிதான ஓர் ஒளியுணர் தகட்டின் மீது விழச் செய்கிறது. அத்தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. முற்றத்தில் நெருக்கமாகக் கிண்ணங்களை அடுக்கி வைத்தால் மழைநீர் ஒவ்வொன்றிலும் சேருமன்றோ? அதுபோல ஒவ்வொரு குழியிலும் தன்மீது விழும் ஒளிக்கேற்ப மின்னேற்றம் சேர்கிறது. படம் எடுக்கும் கணம் முடிந்தவுடன் ஒவ்வொரு கிண்ணத்திலும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து, அவ்வளவை ஓர் எண்ணாகக் கைப்பேசி எழுதிக்கொள்கிறது. முழு இருளுக்கு 0, மிகுந்த வெளிச்சத்திற்கு 255. ஏனையவை இவற்றுக்கு இடைப்பட்டவை. நெல்லைப் படியால் அளக்கும்போது படிக்குக் குறைந்த சில்லறை கணக்கில் ஏறாமற் போவதுண்டு. இங்கும் இரு எண்களுக்கு நடுவிலுள்ள நுண்ணிய வேறுபாடு கைவிடப்படுகிறது.

குழிகளுக்கு நிறம் தெரியாது. ஆதலால் அவற்றின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய சிறு வடிகட்டிகள் போர்த்தப்பட்டுள்ளன. நான்கு குழிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்னும் இவ்வமைப்புக்கு, கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்றார். மனிதக் கண் பச்சை ஒளியை நன்கு உணர்வதால் அதற்கு இரட்டைப் பங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் விடுபட்ட மற்ற இரு நிறங்களை அண்டைக் குழிகளைப் பார்த்துக் கைப்பேசியே கணித்துக்கொள்கிறது. அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்றாக 3 கோடியே 60 லட்சம் எண்கள். நாம் படம் என்று அழைப்பது இந்த எண் அட்டவணையைத்தான்.

இம்முறையின் தொடக்கம் மிக எளியது. 1957-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் பொறியாளர், மூன்று மாதக் குழந்தையாயிருந்த தம் மகனின் புகைப்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அப்படத்தில் இருந்தவை 176 வரிசைகள், வரிசைக்கு 176 புள்ளிகள். இன்று நமது ஊராட்சிச் செயலரின் சட்டைப் பையிலுள்ள கருவி அதைப் போல் பல நூறு மடங்கு புள்ளிகளை நொடிப்பொழுதில் பதிகிறது.

படம் எண்களாகிவிட்டதெனின், அதைத் திருத்துவதும் கணக்கே. தூசி அல்லது மின் குறைபாட்டினால் ஒரு புள்ளி கெட்டுவிட்டதாகக் கொள்வோம். அதையும் சுற்றியுள்ள எட்டையும் சேர்த்து 52, 54, 51, 53, 250, 55, 52, 54, 53 என்னும் ஒன்பது எண்கள் உள்ளன. சராசரி கண்டால் ஏறத்தாழ 75 வரும். கெட்ட எண் மற்றவற்றையும் கெடுத்துவிட்டது. மாறாக, ஒன்பதையும் ஏறுவரிசையில் நிறுத்தி நடுவிலுள்ளதை எடுத்தால் 53 கிடைக்கும். கறை மறைந்துவிடும். அவ்வாறே, அடுத்தடுத்த புள்ளிகள் 40, 42, 41, 180, 183 என்று இருப்பின், 41-க்கும் 180-க்கும் இடையே ஒரு விளிம்பு உண்டென்று கணிப்பொறி அறிகிறது. அது கரைக்கும் நீருக்கும் இடைப்பட்ட கோடாகவும் இருக்கலாம்; தோளுக்கும் வானத்துக்கும் இடைப்பட்டதாகவும் இருக்கலாம். இத்தகைய விளிம்புகளையும் வெளிச்ச மாற்றங்களையும் பல லட்சம் படங்களில் பழகியே முகம் இன்னதென்று இயந்திரம் கற்கிறது.

கற்பித்த படங்களில் யாருடைய முகங்கள் மிகுதியோ, அவர்களையே அது நன்கு அறியும். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இரு பெண் அறிஞர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தனர். வெளுத்த நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்திற்கு மேற்படவில்லை. கரிய நிறப் பெண்களிடமோ 34.7 சதவீதம் வரை சென்றது. கோடை வெயிலில் முக்காடிட்டு மண் சுமக்கும் நம் பெண்களைப் படம் பிடிப்போர் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி நம் மூவரிடம் வருவோம். நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். அடர்ந்த மர நிழலில் அது பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடும். வெயிலுக்கேற்பக் கைப்பேசி தன்னைச் சரிசெய்துகொண்டால் நிழலிலுள்ள கிண்ணங்களில் ஏதும் சேராது. நிழலுக்கேற்பச் செய்துகொண்டால் வெயிலிலுள்ளவை நிரம்பி வழிந்து, அனைத்தும் 255 என்றே பதிவாகும். அன்று புளியமரத்தடியில் இருவர் நின்றிருந்தனர். மூன்றாமவர் வரிசையின் கோடியில், பளபளக்கும் புதிய எவர்சில்வர் குடத்தை முகத்தருகே தோளில் தாங்கியிருந்தார்.

பதிவேற்றிய படம் அளவில் குறுக்கப்பட்டது. குறுக்கும்போது இருண்ட பகுதியின் சிறு வேறுபாடுகள் முதலில் நீக்கப்படுகின்றன. அதில் மரத்தடி முழுவதும் ஏறக்குறைய 11 என்றே இருந்தது. 11-ஐ எதனால் பெருக்கினும் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகவே உயரும், முகம் தோன்றாது. நல்வாய்ப்பாகப் பொறுப்பாளர் அதே வேளையில் கைப்பேசியின் சாதாரணக் கேமராவிலும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். அம்மூலப் படத்தில் மரப்பட்டை 9 என்றும் கன்னம் 16 என்றும் இருந்தன. ஐந்தால் பெருக்கியவுடன் 45-உம் 80-உம் ஆயின; இரு முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. மூன்றாமவரின் முகமிருந்த இடத்திலோ 255, 255, 255 என்பதன்றி வேறெதுவும் இல்லை. இருக்கும் வேறுபாட்டைப் பெரிதாக்கக் கணக்கினால் இயலும். இல்லாததை உண்டாக்க இயலாது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகக் கூறும் சில மென்பொருள்கள் இப்போது உள்ளன. அவை தாம் கற்ற பிற முகங்களைக் கொண்டு ஊகித்து வரைபவை. அத்தகைய படத்தை அலுவலகச் சான்றாக ஏற்றல் தகாது.

ஆகவே, படமெடுப்பவர் சூரியனைத் தம் முதுகுப்புறம் வைத்து நிற்றல் வேண்டும். அனைவரையும் வெயிலிலோ அன்றி அனைவரையும் நிழலிலோ நிறுத்துக, கலந்து நிறுத்தற்க. முக்காட்டைச் சற்று விலக்கச் சொல்லி, திரையில் முகத்தின் மேல் விரல் வைத்து ஒளியைச் சரிசெய்க. வேட்டித் தலைப்பினால் வில்லையைத் துடைத்துக்கொள்வதும் நன்று. வியர்வை படிந்த வில்லை காட்சி முழுவதையும் வெளுக்கச் செய்யும். மூலப் படத்தைக் கூலி வழங்கி முடியும்வரை அழிக்கலாகாது.

இருவரின் கூலி அந்த வாரமே விடுவிக்கப்பட்டது. மூன்றாமவருக்காக, மண் வெட்டிய குழியின் அளவுப் பதிவேட்டையும், உடன் உழைத்த நால்வரின் வாக்குமூலத்தையும் கொண்டு தனிக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அவர் கூலி 23 நாட்கள் கழித்து வந்தது.